காத்மாண்டுவில் வாங்கிய தங்கா: ஜம்பலரா, வைஸ்ரவணரா?

காத்மாண்டுவில் வாங்கிய தங்காவில், அதாவது திபெத்திய பௌத்தத் துணி ஓவியத்தில், இருப்பவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள்; கடைக்காரர் "குபேரர், மஞ்சள் ஜம்பலர்" என்று சொல்லி விற்றாராம். ஜம்பலர், வைஸ்ரவணர் இருவருமே பௌத்தத்தின் செல்வ தெய்வங்கள். உங்கள் படத்தில் இருப்பவர் வைஸ்ரவணர், மஞ்சள் ஜம்பலர் இல்லை. வெள்ளைச் சிங்கத்தின் மேல், கவசமும் பூட்ஸும் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே போதும்.

குழப்பம் பெரும்பாலும் கீரியால் வந்திருக்கும். இருவருக்கும் பொன்னிற உடம்பு, இருவர் இடக்கையிலும் ரத்தினங்களைக் கக்கும் கீரி. போதாததற்கு, வைஸ்ரவணன் என்பது குபேரனுக்கே இன்னொரு பெயர். ஆகவே "குபேரர்" என்று விற்றதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

சந்தேகம் தீர, வலக்கையைப் பாருங்கள். சுருக்கிய குடை மாதிரி நீளமாகத் தெரிகிறதா? அது வெற்றிக்கொடி, வைஸ்ரவணருடையது. மஞ்சள் ஜம்பலர் என்றால் அங்கே நார்த்தங்காய் போல ஒரு பழம் இருக்கும், தொங்கும் வலது பாதம் ஒரு சங்கின் மேல் படிந்திருக்கும்.

ஒன்று மட்டும்: வாகனத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். நான்கு திசைக் காவலர் வரிசையில் இதே வைஸ்ரவணர் சிங்கம் இல்லாமலும் வருவார். ஜம்பலரின் இன்னொரு வடிவமான வெள்ளை ஜம்பலருக்கோ டிராகன்தான் வாகனம். அப்புறம், பூதக்கண்ணாடியில் சீரான சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம், யாராக இருந்தாலும்.