சிங்க் ஓட்டை வெட்டும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த உங்கள் மகள், சமையல் மேடைக் கற்கள் தயாரிக்கும் பட்டறையில் சிஎன்சி ரௌட்டருக்கு, அதாவது கணினி சொல்படி வெட்டும் மெஷினுக்கு, புரோகிராம் எழுதப் போகிறேன் என்கிறார். "படித்துவிட்டுக் கல்பட்டறைக்கா?" என்று நீங்கள் தயங்குகிறீர்கள். உங்கள் தயக்கத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன: இந்த வேலைக்கு மதிப்பு உண்டா, உடம்புக்கு ஆகுமா. முதலாவதை விட்டுவிடுங்கள். இரண்டாவதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

அந்த மெஷினுக்குக் கட்டளை தரும் ஜி கோட் மொழியைக் கற்பது பெரிய விஷயமில்லை. ஜி01 நேர்கோட்டில் வெட்டும். ஜி02, ஜி03 வளைவில் வெட்டும். பெரும்பகுதியை, வரைபடத்தை வெட்டும் கட்டளைகளாக மாற்றும் கேம் (CAM) மென்பொருளே எழுதித் தந்துவிடும். ஆனால் கல் எங்கே உடையும் என்று அந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆளுக்குத்தான் பட்டறையில் மதிப்பு.

மேடைக் கல்லில் சிங்க் தொட்டி உட்கார வெட்டும் ஓட்டையையே பாருங்கள். நடுத்துண்டு போனபின் முன்பக்கம் குறுகலான ஒரு பட்டைதான் மிஞ்சும். ஸ்லாப்பை, அதாவது கல்பலகையை, தூக்கும்போது முறிவது பெரும்பாலும் அங்கேதான். உள்மூலையைக் கூர்மையாக விட்டால் அழுத்தம் முழுவதும் அந்த முனையில் குவிந்து, விரிசல் அங்கிருந்து ஓடும். அதனால் மூலை வளைவாக இருக்க வேண்டும். சுழன்று வெட்டும் முனையான பிட்டை 20 மிமீ விட்டத்தில் போட்டால் 10 மிமீக்குக் குறைந்த ஆரம் வராது, அது கணக்கு. இந்தக் கல்லுக்கு 10 போதுமா, கூட்ட வேண்டுமா என்பது கல்லைத் தொட்டுப் பழகினால்தான் வரும்.

பிட் எங்கே இறங்குகிறது என்பதும் அப்படித்தான். வெட்டுக்கோட்டின் மேலேயே நேராகக் குத்தி இறக்கினால் அடிப்பக்கம் சில்லு தெறிக்கும். கழிவாகப் போகும் நடுத்துண்டில் முதலில் வட்டத் துளை போடும் கோர் பிட்டால் துளையிட்டு, அதற்குள் பக்கவாட்டில் வெட்டிப்போகும் ஃபிங்கர் பிட்டை இறக்கி, அங்கிருந்து வளைவாகக் கோட்டுக்கு வரவைப்பார்கள். மூலை வந்ததும் ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, குறைப்பார்கள். வெட்டு முடியப்போகும் நேரம்தான் ஆபத்தானது. தாங்கல் இல்லாத நடுத்துண்டு தன் எடையாலேயே தொங்கி, மூலையையும் பிய்த்துக்கொண்டு விழும். அதற்கு அடியிலும், கல்லை உறிஞ்சிப் பிடித்துத் தாங்கும் வேக்குவம் கப் வைக்க வேண்டும். பிட் போகும் பாதையில் அந்தக் கப் வந்துவிடவும் கூடாது. சுட்டுச் செய்யும் பீங்கான் வகையான போர்சலின் ஸ்லாப்பில் உள்ளே இறுக்கம் அதிகம். அதில் ஓட்டைக்குப் போகும் முன் ஓரங்களைச் சீவி எடுத்துவிடுவது வழக்கம்.

வைர பிட் தேயும். மெஷினில் 20 மிமீ என்று பதிந்துவைத்த பிட் 19 ஆகத் தேய்ந்திருந்தால் ஓட்டை பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் சிறுக்கும். அளந்து பார்த்து மாற்றும் பழக்கம் உங்கள் மகளுக்கு இருந்தால் அதுவே பாதி வேலை. இயற்கைக் கல்லில் ஒரு ஸ்லாப் உடைந்தால் அதே ரேகையோடு இன்னொன்று கிடைக்காது. உடையாமல் வெட்டித் தருபவரை எந்த முதலாளியும் சுலபத்தில் விடமாட்டார்.

சரி, உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். குவார்ட்ஸ் என்று விற்கும் செயற்கைக் கல்லில், மணலில் இருக்கும் தாதுவான சிலிக்கா 90 சதவீதத்தைத் தாண்டலாம். அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அந்த நோய்க்குக் குணமில்லை. 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இந்தக் கல்லைத் தயாரிக்கவும், விற்கவும், பொருத்தவும் தடை விதித்தது இதனால்தான். சிஎன்சி தண்ணீர் விட்டு வெட்டுவதால் தூசு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் பக்கத்து மேசையில் ஒருவர் தண்ணீரில்லாமல் கிரைண்டர் பிடித்தால் உங்கள் மகளும் அந்தத் தூசைத்தான் சுவாசிப்பார்.

சேரும் முன் ஒரு வேலைநாளில் இருவருமாகப் பட்டறைக்குப் போங்கள். தரையில் கல்சேறு காய்ந்து தூளாகிக் கிடக்கிறதா, துடைப்பத்தால் கூட்டுகிறார்களா, சட்டைத் தூசியைக் காற்றடித்து ஊதுகிறார்களா என்று கவனியுங்கள். முகத்துக்குப் பொருத்தம் பார்த்து முகமூடி தருகிறார்களா, நுரையீரல் பரிசோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். ஒழுங்கான இடத்தில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், உடைந்த துண்டுகளில் வெட்டிப் பழக விடுவார்களா, ஆபீசிலேயே உட்காரவைத்துவிடுவார்களா என்பதை உங்கள் மகளே கேட்கட்டும்.

உலர்வாக அரைக்கும் இடமென்றால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம். அதே ஜி கோடும் அதே ரௌட்டரும் அலுமினியம், அக்ரிலிக் வெட்டும் பட்டறைகளிலும் இருக்கின்றன. அங்கே ஆரம்பித்துவிட்டு, தண்ணீர் விட்டு வேலை செய்யும் நல்ல கல்பட்டறை கிடைக்கும்போது மாறிக்கொள்ளலாம்.