எல்லைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பக்கத்து நாடு முன்னேறிவிட்டது, இந்த நாடு ஏன் முன்னேறவில்லை’ என்ற ஒரே ரகம். ஆண்டும் இல்லாமல், எந்த டாலர் என்றும் சொல்லாமல் எண்களை அள்ளி வீசியிருந்தவற்றை ஒதுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். காரணம் கீழே.

கே: ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் ஒரே தீவு. பிரான்சுக்குக் கட்டிய நஷ்டஈடுதான் ஹைட்டியின் வறுமைக்கு முழுக் காரணமா? (நாகர்கோவில்)

ப: பெரிய காரணம், முழுக் காரணம் அல்ல. 1825-இல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ஹைட்டியின் விடுதலையை ஏற்பதற்கு விலையாக 15 கோடி ஃபிராங்க் கேட்டது பிரான்ஸ். 1838-இல் அது 9 கோடியானது. அதைக் கட்ட வாங்கிய கடனும் வட்டியும் 1947 வரை இழுத்தன. பள்ளிக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய காசு.

ஆனால் 1960-இல் இரண்டு நாடுகளின் தலா வருமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலையான விலையில் (விலைவாசி உயர்வைக் கழித்த கணக்கு) 800 டாலருக்குச் சற்றுக் கீழே. 2005-இல் டொமினிக்கனுடையது மூன்று மடங்காகியிருந்தது, ஹைட்டியுடையது பாதியாகியிருந்தது. இந்த இடைவெளியை 1825 மட்டும் விளக்காது.

டொமினிக்கனின் வளர்ச்சியும் அசுர வளர்ச்சி இல்லை. 45 ஆண்டில் மூன்று மடங்கு என்றால் ஆண்டுக்குச் சுமார் இரண்டரை சதவீதம். 1969 முதல் ஏற்றுமதி மண்டலங்கள், பிறகு சுற்றுலா, அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் பணம், அவ்வளவுதான். நடுவில் 2003-இல் வங்கி நெருக்கடி வந்தது. ஓரிரு ஆண்டில் எழுந்துவிட்டார்கள். ஹைட்டியில் 1957 முதல் 1986 வரை துவாலியே குடும்ப ஆட்சி. 1991-இல் ராணுவப் புரட்சி. அதைத் தண்டிக்க வந்த வர்த்தகத் தடையில் தையல் ஆலைகள் மூடப்பட்டன. தடை 1994-இல் நீங்கியது, போன ஆர்டர்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. 2010-இல் நிலநடுக்கம், 2021-இல் அதிபர் கொலை. பக்கத்து நாடுகளின் வித்தியாசத்தில் பெரும்பகுதி யார் வேகமாக வளர்ந்தார்கள் என்பதில் இல்லை. யார் எத்தனை முறை சரிந்தார்கள், சரிந்தால் எழ எத்தனை ஆண்டு ஆனது என்பதில் இருக்கிறது. இதை ஏற்கெனவே பல முறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

கே: வெப்ப நாடுகள் வளராது என்கிறார்களே? (வேலூர்)

ப: பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்கு வெயில் ஒன்றுதானே. கேள்வியே பதிலைச் சொல்லிவிட்டது.

கே: பருத்தி விளைவது பாகிஸ்தானில். ஆயத்த ஆடையில் கொடி கட்டிப் பறப்பது பருத்தியே பெரிதாக விளையாத வங்கதேசம். கூலி மலிவு என்பதைத் தாண்டி என்ன காரணம்? (திருப்பூர்)

ப: திருப்பூரிலிருந்து வந்த கேள்வி என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன். மூன்று விஷயங்கள்.

முதலாவது ஆள் பயிற்சி. தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் தென் கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு 1979-இல் சுமார் 130 பேரைக் கொரியாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகிச் சொந்த ஆலை வைத்தார்கள், அல்லது புது ஆலைகளில் மேலாளர் ஆனார்கள். நிறுவனத்துக்கு நஷ்டம், நாட்டுக்கு லாபம்.

இரண்டாவது, பணம் இல்லாமல் துணி வாங்கும் ஏற்பாடு. வெளிநாட்டு வாடிக்கையாளர் தரும் ஏற்றுமதி எல்.சி.யை (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) ஈடாகக் காட்டி, உள்ளூர் வங்கியில் துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறப்பது. ‘பேக்-டு-பேக்’ என்று உங்கள் ஊரிலும் சொல்வீர்கள். கூடவே பாண்டட் கிடங்கு: துணி சுங்கவரி கட்டாமல் உள்ளே வந்து, சட்டையாக வெளியே போகும். நடைமுறை மூலதனம் இல்லாதவரும் ஆலை தொடங்க முடிந்தது இதனால்தான். பருத்தி இல்லாதது இங்கே தடையே இல்லை. துணி எங்கிருந்து வந்தாலும் தைக்கலாம். பாகிஸ்தானிலோ நூற்பாலை முதலாளிகளின் கை ஓங்கியிருந்தது. நூலும் போர்வையும் துண்டும் விற்றால் போதும் என்று பல காலம் ஓடியது.

மூன்றாவது பெண்கள். 1970-களின் தொடக்கத்தில் இரு நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு ஏழு குழந்தைகள். இன்று வங்கதேசத்தில் இரண்டு சொச்சம், பாகிஸ்தானில் மூன்றரை அளவு. வங்கதேசத்தில் ஊர் ஊராகப் பெண் களப்பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே கருத்தடை மாத்திரை கொண்டுபோனார்கள். பிராக் என்ற வங்கதேசத் தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டு வீடு வீடாகச் சென்று உப்பும் வெல்லமும் கலந்த நீரைத் தாய்மாரின் கையாலேயே செய்ய வைத்துக் கற்றுக்கொடுத்தது. வயிற்றுப்போக்கில் சாகும் குழந்தைகள் குறைந்தால் தாய் வேலைக்குப் போகும் காலம் கூடும். 1980-களில் ஆலை வாசலில் நின்ற பெண்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல.

இதெல்லாம் சரி, 2013-இல் ராணா பிளாசா என்ற ஆலைக் கட்டிடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே தொழிலில்தான். ஏற்றுமதி எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அதையும் கணக்கில் எழுதுங்கள்.

கே: வங்கதேசத்தின் தனிநபர் வருமானம் இந்தியாவைத் தாண்டிவிட்டது. இதோ ஸ்கிரீன்ஷாட். இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (சென்னை)

ப: இதற்காகத்தான் உங்கள் கடிதத்தை ஒதுக்காமல் வைத்தேன்.

அந்தப் படத்தில் ஆண்டு வெட்டப்பட்டிருக்கிறது. நான் சொல்கிறேன்: 2020 அக்டோபர், ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்) மதிப்பீடு. வங்கதேசம் 1,888 டாலர், இந்தியா 1,877. வித்தியாசம் 11 டாலர். அது கொரோனா ஆண்டு. இந்தியப் பொருளாதாரம் பத்து சதவீதம் சுருங்கும் என்று கணித்த மதிப்பீடு. அதே அறிக்கையில், உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் எடுக்கும் வாங்கும் திறன் டாலரில் இந்தியா சுமார் 6,300, வங்கதேசம் 5,100. அந்தப் பத்தியை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று? 2022 தொடக்கத்தில் டாலருக்கு 85, 86 டாக்கா (வங்கதேச நாணயம்). 2024-இல் 120 பக்கம். ஒரு சட்டை கூடக் குறைவாகத் தைக்காமலே டாலர் கணக்கில் வருமானம் இறங்கிவிடும். அதே 2024-இல் வங்கதேச மத்திய வங்கி ஏற்றுமதிக் கணக்கைத் திருத்தியபோது 1,000 கோடி டாலருக்கும் மேல் காணாமல் போனது. வங்கதேசம் வளரவில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே திருப்பூர்க்காரருக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் எண் அதைக் காட்டவில்லை என்கிறேன்.

இந்தத் தொல்லை எங்கும் உண்டு. கானா 2010 நவம்பரில் தன் ஜிடிபி கணக்கின் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலையையும் தொழில்களையும் வைத்து எண்ணுவது என்பதை) மாற்றியது. ஒரே நாளில் பொருளாதாரம் 60 சதவீதம் ‘வளர்ந்து’, ஏழை நாடுகள் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. 2014-இல் நைஜீரியா இதையே செய்து 89 சதவீதம் ஏறியது. வயலில் ஒரு மூட்டை கூட அதிகம் விளையவில்லை. மியான்மரில் 2012 வரை அரசு விகிதம் டாலருக்குச் சுமார் 6 கியாட், சந்தையில் 800-க்கு மேல். எந்த விகிதத்தில் வகுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த நாடு நூறு மடங்கு பணக்காரன் ஆகும்.

ஆகவே ஒப்பிடுவது என்றால் இப்படிச் செய்யுங்கள். உலக வங்கியின் தரவுத்தளத்தில் தலா ஜிடிபி, வாங்கும் திறன், நிலையான விலை என்று மூன்றும் ஒன்றாக உள்ள தொடரை எடுங்கள், 1990-லிருந்து இருக்கும். இரண்டு நாட்டுக்கும் அதே தொடர். தொடக்கமும் முடிவும் ஒற்றை ஆண்டாக வேண்டாம், மூன்றாண்டு சராசரி. போர் ஆண்டிலோ வறட்சி ஆண்டிலோ தொடங்கினால் எந்த நாடும் சூரப்புலியாகத் தெரியும். வளர்ச்சி வீதம் கிடைத்ததும் 70-ஐ அதால் வகுங்கள், இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று வரும்: 2 சதவீதம் என்றால் 35 ஆண்டு, 5 என்றால் 14. கடைசியாக ஒரு நெடுவரிசையில், தலா வருமானம் குறைந்த ஆண்டுகள் எத்தனை என்று எண்ணி வையுங்கள். எக்செல்லில் அரை மணி வேலை. எந்த ஆண்டு, எந்த டாலர் என்று எழுதாமல் இனி யாரும் எண் அனுப்ப வேண்டாம்.

கே: எங்கள் முன்னோர் கொண்டுவிற்கப் போன பர்மா அன்று செழிப்பான நாடு. இன்று தாய்லாந்து எங்கே, பர்மா எங்கே! எப்போது பிரிந்தது பாதை? (காரைக்குடி)

ப: செழிப்பு என்பதில் சின்னத் திருத்தம். போருக்கு முன் பர்மா ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது, உலகிலேயே அதிகம். அதனால் பர்மிய உழவர் செழித்தார் என்று ஆகாது. 1930-களின் விலைச் சரிவில் கடன் கட்ட முடியாமல் கீழ்ப் பர்மா வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செட்டியார் கைக்கு வந்தது. பின்னால் வந்த கசப்புக்கு இது ஒரு வேர். அதை மறந்துவிட்டு 1962-லிருந்து மட்டும் கதையைத் தொடங்கக் கூடாது.

பாதை பிரிந்தது நெல் கொள்முதலில். விடுதலைக்குப் பிறகு பர்மிய அரசே நெல்லைக் குறைந்த விலைக்கு வாங்கி ஏற்றுமதி லாபத்தை எடுத்துக்கொண்டது. 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள், ஆலைகள், வங்கிகள் அரசுடைமை. லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள், அவர்களோடு கடன் கொடுக்கும் ஏற்பாடும் வணிகத் தொடர்பும் போயிற்று. உரம் போட்டு விளைவிக்க உழவருக்குக் காரணமே இல்லாத விலை. ஏற்றுமதி பத்து லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1987-இல் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடு ஏதுமின்றிச் செல்லாதவை ஆக்கப்பட்டன. வீட்டில் சேமித்தவர் எல்லாம் ஓட்டாண்டி. அதே ஆண்டு ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது பர்மா.

தாய்லாந்தும் உத்தமர் இல்லை. அரிசி ஏற்றுமதிக்கு அங்கேயும் 1986 வரை ‘பிரீமியம்’ என்ற கடும் வரி. ஆனால் வாங்குவதும் அரைப்பதும் விற்பதும் தனியார் கையில் இருந்தன. அரிசியில் வரி அதிகமா, வடகிழக்கில் சாலை போட்டதும் உழவர் மக்காச்சோளத்துக்கும் மரவள்ளிக்கும் மாறினார். மரவள்ளி ஐரோப்பிய மாட்டுத் தீவனமாகப் போயிற்று. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி ஜப்பானியத் தொழிற்சாலைகள் இடம் தேடியபோது, துறைமுகமும் வணிகரும் தயாராக இருந்த இடத்துக்கு வந்தன.

கே: சர்வாதிகாரி இருந்தால் நாடு முன்னேறும்தானே? (சேலம்)

ப: டொமினிக்கனில் த்ருஹியோ 31 ஆண்டு, ஹைட்டியில் துவாலியேக்கள் 29 ஆண்டு, பர்மாவில் நே வின் 26 ஆண்டு. எது முன்னேறியது, எது இல்லை என்று நீங்களே பாருங்கள்.

கே: போட்ஸ்வானாவுக்கு வைரம், ஜாம்பியாவுக்குச் செம்பு. இரண்டும் கடலில்லா நாடுகள். ஏன் இத்தனை வித்தியாசம்? (கோவை)

ப: முதலில் வகுத்தல். போட்ஸ்வானாவின் மக்கள்தொகை 25 லட்சம், ஜாம்பியாவுடையது 2 கோடி. தலைக்குப் பங்கு வரும்போதே பெரிய வித்தியாசம் வந்துவிடும். இதைச் சொல்லாமல் ‘நல்லாட்சி’ என்று தொடங்குபவர்களை நம்பாதீர்கள்.

மீதி வித்தியாசம் பணத்தைக் கையாண்டதில். 1966-இல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானாவில் தார்ச்சாலை 12 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு வைரம் கிடைத்தது. அதே ஆண்டு, கனிம உரிமை இனக்குழுக்களுக்கு அல்ல, அரசுக்கே என்று சட்டம் வந்தது. அதிபர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழு நிலமும் இதில் அடக்கம். டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்துடன் முதலில் 15 சதவீதப் பங்கு, 1975-இல் பேசிப் பேசி 50. சுரங்கத்தைப் பறிக்கவில்லை, தொழில்நுட்பம் ஓடவில்லை. நாடாளுமன்றம் ஏற்ற திட்டத்தில் இல்லாத செலவுக்குப் பணம் கிடையாது. நல்ல ஆண்டின் மிச்சம் சேமிப்பு நிதிக்குப் போகும்.

ஜாம்பியா 1969-இல் செம்புச் சுரங்கங்களில் 51 சதவீதம் எடுத்தது. 1970-களின் நடுவில் விலை விழுந்தது. ‘அடுத்த ஆண்டு ஏறும்’ என்று கடன் வாங்கிச் செலவைத் தொடர்ந்தார்கள். விலை இருபத்தைந்து ஆண்டு ஏறவில்லை. சுரங்கத்தில் புது முதலீடு இல்லாமல் உற்பத்தி 7 லட்சம் டன்னிலிருந்து 2000 வாக்கில் இரண்டரை லட்சத்துக்கு வந்தது. 2020-இல் கடன் கட்ட முடியாமல் மீண்டும் கைவிரித்தது.

போட்ஸ்வானாவைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். வேலையின்மை கால் பங்குக்கு மேல். ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்த பிறகு வரவு ஆட்டம் காண்கிறது.

கே: சிங்கப்பூர், மலேசியா ஒப்பீடு? (தஞ்சாவூர்)

ப: நகரத்தை நாட்டோடு ஒப்பிடாதீர்கள். சிங்கப்பூரைக் கோலாலம்பூரோடும் பினாங்கோடும் வையுங்கள்.

கே: திவாலான இலங்கையின் தனிநபர் வருமானம் இன்னும் இந்தியாவைவிட அதிகமாமே, எப்படி? (யாழ்ப்பாணம்)

ப: 2024-இல், சந்தை விகித டாலரில், இலங்கை சுமார் 4,500, இந்தியா 2,700. (ஆண்டும் டாலரும் எழுதுவது இவ்வளவு சுலபம்.) 2022-இல் நின்றது கடன் தவணை, பல தலைமுறைப் படிப்பும் மருத்துவமனைகளும் அழிந்துவிடவில்லை. ஆனால் 2019 கடைசியில் வரியைக் குறைத்தார்கள், சில ஆண்டில் வரி வரவு ஜிடிபியில் 8 சதவீதம் பக்கம் வந்தது. அதில் எந்த அரசும் ஓடாது. வறுமை விகிதம் 2019-இன் அளவைப்போல் இரு மடங்கானது. சராசரி உங்களுக்கு அதைச் சொல்லாது.

கே: பத்து மதிப்பெண் கேள்விக்கு ஐந்து காரணங்கள் தரவும். (ஊர் இல்லை)

ப: பாடப்புத்தகம் இருக்கிறது.

கே: 1957-இல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் பந்தயம் கட்டினவாமே? யார் ஜெயித்தார்கள்? (திருச்சி)

ப: பத்து ஆண்டில் யார் முன்னே என்று கானாவின் தலைவர் நுக்ருமாவுக்கும் ஐவரி கோஸ்ட்டின் தலைவர் ஊஃபுவே-புவாஞிக்கும் பந்தயம். பத்தாம் ஆண்டில் ஐவரி கோஸ்ட். அதற்குள் நுக்ருமா பதவியிலேயே இல்லை. கானாவில் கொக்கோ வாரியம் கொடுத்த விலை அவ்வளவு மோசம்; உழவர் மூட்டையை எல்லை தாண்டிக் கடத்தினார். ஐந்தரை லட்சம் டன் விளைந்த நாட்டில் 1983–84-இல் ஒன்றரை லட்சம் சொச்சம். ஆனால் 2002-க்குப் பிறகு உள்நாட்டுப் போரில் சிக்கியது ஐவரி கோஸ்ட். அப்போது கேட்டிருந்தால் கானா. 2022-இல் கானா கடன் தவணையை நிறுத்தியது; இப்போது மறுபடி ஐவரி கோஸ்ட்.

கே: கோஸ்டா ரிகா ராணுவத்தைக் கலைத்ததால்தான் நிகராகுவாவை முந்தியதா? (புதுச்சேரி)

ப: 1948-இல் கலைத்தது உண்மை. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போனதும் உண்மை. அதைவிட முக்கியம், ஆட்சியைக் கவிழ்க்க ஒரு படை இல்லாமல் போனது. அதே காலத்தில் நிகராகுவாவுக்கு 1972-இல் தலைநகரை இடித்த நிலநடுக்கம், 1979-இல் புரட்சி, 1980-களில் கான்ட்ரா என்ற கிளர்ச்சிப் படையோடு போர், 1988-இல் பணவீக்கம் ஐந்து இலக்கத்தில். கோஸ்டா ரிகாவும் 1981-இல் கடன் நெருக்கடியில் விழுந்தது, எழுந்தது. கணினிச் சில்லு செய்யும் இன்டெல் 1990-களின் கடைசியில் வந்தது. 2014-இல் சில்லுகளைக் கோத்துச் சோதிக்கும் வேலையை ஆசியாவுக்கு மாற்றியபோது சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. அதற்குள் மருத்துவக் கருவி ஆலைகள் வேரூன்றியிருந்தன. இன்று அந்நாட்டின் முதல் ஏற்றுமதிப் பொருள் அதுதான். வாழைப்பழமும் காபியும் பின்னால்.