கீரிக்குப் பயந்து கோழியை வேக வைக்காதீர்கள்

கேள்வி: காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் பழைய வீடு. பின்கட்டைத் தாண்டிய தோட்டத்தில் 15 நாட்டுக்கோழி வளர்த்தேன். பங்குனியில் கீரி மூன்றைப் பிடித்துவிட்டது. பயந்துபோய் நாலுக்கு மூன்றடியில் தகரக் கூண்டு அடிக்கச் சொல்லி, பகலிலும் அதிலேயே அடைத்து வைத்தேன். கத்திரி தொடங்கியதும் இரண்டே நாளில் நான்கு கோழி போய்விட்டது. சாயங்காலம் திறந்தால் செத்துக் கிடக்கின்றன, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. குஞ்சு விற்க வருபவர், “இது நோய்தான், மருந்து தருகிறேன், மிச்சத்தைத் தள்ளிவிட்டுப் புதுசாகச் சிறுவிடை ரக நாட்டுக்கோழிக் குஞ்சு போடுங்கள்” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மிச்சமுள்ள எட்டுக் கோழியையும் இப்போதே அந்தப் பெட்டியிலிருந்து வெளியே விடுங்கள். மருந்தும் வாங்க வேண்டாம், சிறுவிடையும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் செத்தது நோயால் அல்ல, கூண்டால்.

கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸ். வாயைத் திறந்து இளைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளும். வெளிக்காற்று 32 டிகிரியைத் தாண்டினாலே இளைக்க ஆரம்பிக்கும். 38க்கு மேல் காற்றோட்டமும் இல்லையென்றால் தாங்காது. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், உள்ளே 12 உயிர். உங்கள் ஊர் மே மாத வெயிலில் அதற்குப் பெயர் கூண்டு இல்லை, அடுப்பு. கொழுத்த கோழிதான் முதலில் சாயும். செத்தவற்றில் முட்டையிட்டுக்கொண்டிருந்த கனத்த கோழிகள் அதிகமா என்று யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோயாக இருந்தால் கதை வேறு. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலையிலும் சாகும், நாலைந்து நாள் தொடரும். வெயில் சாவு மதியத்துக்கு மேல்தான். மிஞ்சியது மறுநாள் காலை தெம்பாக மேயும். அப்படியும் சந்தேகம் தீரவில்லையென்றால், செத்த கோழியை உடனே ஐஸ் போட்ட டப்பாவில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உறைய வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் மணிக்கணக்கில் கிடந்த கோழியை அறுத்துப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

இனி கீரி. அது பகலில் வேட்டையாடும் பிராணி. காலையிலும் மாலை வெயில் சாயும்போதும்தான் வரும். இரவில் கோழி போனால் கீரியைத் திட்டிப் பயனில்லை. அது மரநாயாகவோ பூனையாகவோ தெருநாயாகவோ இருக்கும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரை இடுக்குகள் உங்கள் பக்கத்தில் மரநாய்க்கு நல்ல குடியிருப்பு. ஒரே இரவில் பலவற்றைக் கழுத்தில் கடித்துப் போட்டிருந்தால் மரநாய். தோட்டம் முழுக்க இறகு சிதறிக் கிடந்தால் நாய். இறகே இல்லாமல் முட்டையும் குஞ்சும் மட்டும் குறைந்தால் பாம்பு, அல்லது குஞ்சை வளைக்குள் இழுத்துப்போகும் பெருச்சாளி. பட்டப்பகலில் குஞ்சு மட்டும் காணாமல் போனால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பாருங்கள், வல்லூறோ பருந்தோ வட்டமிடும். குஞ்சு மேயும் இடத்தில் சீமைக்கருவேல முள்ளை இரண்டு மூன்று இடத்தில் குவித்துப் போடுங்கள். தாய்க்கோழி குரல் கொடுத்ததும் குஞ்சுகள் அதற்குள் நுழைந்துகொள்ளும். விஷம் மட்டும் வைக்காதீர்கள். கீரியும் மரநாயும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. அதைவிட, விஷக் கறியை முதலில் தின்பது பக்கத்து வீட்டு நாய்.

காவல் என்றால் மூடுவது என்று நினைத்துவிட்டீர்கள். காவலுக்கு வலை, காற்றுக்கும் அதே வலை. உங்கள் பெட்டியின் நீளப் பக்கத் தகரம் இரண்டையும் கழற்றிவிட்டு, அரை இஞ்சுக் கண் வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடியுங்கள். கூண்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது வெயில் நீளப் பக்கத்தில் நேராக அடிக்காது. கூரைத் தகரம் இருக்கலாம், ஆனால் அதன்மேல் அரையடி இடைவெளி விட்டுச் சவுக்குக் கம்பு கட்டித் தென்னங்கீற்றோ பனையோலையோ வேயுங்கள். ஓலையைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டால் பாதிப் பலன்தான்; நடுவில் காற்று ஓடினால்தான் சூடு இறங்கும். இரவு தங்கக் கோழிக்கு இரண்டு சதுர அடி வேண்டும். உங்கள் பெட்டி ஆறு கோழிக்குப் போதும், எட்டுக்குப் பற்றாது. இன்னொரு இரண்டடி நீட்டிக் கட்டுங்கள். உட்காரும் கம்பு வலையிலிருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் பூனை வலைக்கு வெளியிலிருந்தே காலைப் பிடித்துக் கிழிக்கும்.

வலை வாங்கும் இடத்தில்தான் ஏமாற்று. “கோழி வலை” என்று அறுகோணக் கண்ணோடு விற்பதைக் கொடுப்பார்கள். பெயர் சரிதான், அது கோழி வெளியே போகாமல் காக்கும் வலை. நாய் ஒரு இழுப்பில் பிய்த்துவிடும், கீரிக்குட்டி கண் வழியாகவே நுழையும். அடுத்தது கேஜ், அதாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். எண் ஏற ஏறக் கம்பி மெல்லிசு. இது தெரியாதவரிடம், “18 எதுக்கும்மா, 20 இன்னும் ஸ்ட்ராங்” என்று தலையில் கட்டுவார்கள். 18 கேஜ் கம்பி சுமார் 1.2 மில்லிமீட்டர் தடிமன், 20 கேஜ் 0.9தான். 18க்கு மேல் வாங்காதீர்கள். கட்டுக்கம்பியால் நாலு மூலையில் கட்டிவிட்டுப் போகிறவரையும் விடாதீர்கள். மூன்று நான்கு இஞ்சுக்கு ஒரு யு ஆணி அடித்து, மேலே ரீப்பர் பட்டை வைத்து இறுக்க வேண்டும். நைலான் வலையைப் பெருச்சாளி ஒரே இரவில் கடித்துவிடும்.

அடியில் தோண்டி வருவதைத் தடுக்க ஒரு அடி ஆழம் பள்ளம் வெட்டி வலையைப் புதைக்கச் சொல்வார்கள். உங்கள் செம்புராங்கல் தரையில் கடப்பாரைதான் வளையும். அதற்குப் பதில் கூண்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கப் போட்டு, கூண்டோடு சேர்த்துக் கட்டி, மேலே கல் அடுக்குங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரமாகத்தான் தோண்டும். வலை தட்டியதும் விட்டுவிடும்.

பகலில் மர நிழலில் திறந்து விடுங்கள்; கீரி வரும் வழியை அடைப்பதைக் கடைசியில் சொல்கிறேன். 11 மணிக்கு வேப்பமரத்தடி மண்ணில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அதில் பறித்துப் படுத்துக்கொள்ளும். எட்டுக் கோழிக்கு நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் வேண்டும். மண்சட்டியில், மூன்று இடத்தில், நிழலில். வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் சுட்டுவிடும், கோழி வாய் வைக்காது. கம்பும் கேழ்வரகும் காலை எட்டுக்குள், மறுபடி ஐந்துக்கு மேல். நடுப்பகலில் தீனி போட்டால் செரிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். இளைத்துச் சாய்ந்த கோழியின் கால்களையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்து நிழலில் காற்றுப்பட விடுங்கள். ஐஸ் வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மேற்குக் காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிடலாம். பச்சை நிழல்வலையைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டுவது மட்டும் கூடாது, அது காற்றைத்தான் நிறுத்தும்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு அடைகோழி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். அடையில் உட்கார்ந்தது 21 நாளும் எழுந்து நிழல் தேடிப் போகாது. ஒரு நாளில் கால்மணி நேரம்தான் இறங்கும். மற்றவற்றைத் திறந்துவிட்டுவிட்டு அதைத் தகரத்துக்குள் விட்டால் முட்டையோடு வெந்து சாகும். மரத்தடிக்குத் தூக்கிப் போனாலும் கீரிக்கு விருந்து. ஆகவே வீட்டுக்குள்ளேயே, வளவின் (நடு முற்றத்தின்) ஓரத்தில், வெயில் படாத மூலையில், அகன்ற மண்சட்டியில் மணல் போட்டு அதில் வையுங்கள். மேலே பஞ்சாரம் கவிழ்த்துங்கள், சாக்கு போட்டு மூடாதீர்கள். தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மணலில் சுற்றிலும் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம், முட்டையின் மேல் தெளிக்கக்கூடாது. அடைக்கு எடுத்து வைக்கும் முட்டையையும் கவனியுங்கள். கோடையில் சும்மா வைத்திருந்தாலே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துச் செத்துவிடும். ஈர மணல் நிரப்பிய பானைமேல் வைத்து, நான்கு நாளுக்குள் அடை வையுங்கள். அதற்கு மேலானதைச் சமைத்துவிடுங்கள். முடிந்தால் சித்திரை, வைகாசியில் அடையே வைக்காதீர்கள்.

அந்தக் குஞ்சு வியாபாரிக்கு வருவோம். அவர் மொபெட்டில் கொண்டுவருவது முட்டைக்கோழிப் பண்ணை கழித்த சேவல் குஞ்சாக இருக்க நிறைய வாய்ப்பு. வளர்ந்தால்தான் சிறுவிடையா இல்லையா என்று தெரியும், அதற்குள் அவர் அடுத்த ஊர் போய்விடுவார். வாங்கத்தான் வேண்டும் என்றால் ஆடிக்குப் பிறகு, ஊருக்குள் தாய்க்கோழியைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். மானியத்தில் குஞ்சை எண்ணிக் கொடுக்கத் தெரிந்த திட்டங்களுக்கு, கூண்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க மட்டும் ஏனோ மனம் வருவதில்லை. தடுப்பூசியும் இப்படித்தான். பிப்ரவரி வாக்கில் கழிச்சலுக்கு இலவச முகாம் வரும், வருவது தெரிந்தவர்களுக்கு வரும். குப்பி 100 டோஸுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. எட்டுக் கோழிக்காரர் தெருவில் பத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால்தான் வேலை நடக்கும்.

கடைசியாக, உங்கள் தோட்டச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வெளியேற ஒரு மடை இருக்கும். பழைய வீடுகளில் அது கை நுழையும் அகலம். கீரி உள்ளே வந்த வாசல் அநேகமாக அதுதான். அரை இஞ்சு இடைவெளிக் கம்பிச் சட்டம் ஒன்றைச் செய்து, வெளிப்பக்கம் அல்ல, உங்கள் பக்கமே வைத்துச் சிமெண்டு பூசுங்கள். மழைக்குச் சருகு வந்து அடைக்கும்போது தெருவுக்குச் சுற்றிப் போகாமல் உள்ளேயிருந்தே வாரிப் போடலாம்.