ஒரே தலைக்கட்டுள்ள ஊர்: மொனோவை பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள மொனோவை என்ற சிற்றூரின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் ஒன்று. ஒரு மூதாட்டி மட்டுமே அங்கே குடியிருந்தார். இந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: ஊர் எங்கே இருக்கிறது? எப்படிப்பட்ட நிலம்?

மாநிலத்தின் வடக்கு விளிம்பில், பாய்டு கவுண்ட்டியில் இருக்கிறது. வடக்கே மிசௌரி ஆறு, தெற்கே நயோபிரரா ஆறு. நடுவே மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, மாட்டுப் பண்ணைகள், மக்காச்சோள வயல்கள். ஊரின் பரப்பு சுமார் 134 ஏக்கர்தான். காட்டுப்பூக்கள் மண்டிக்கிடந்ததால், பூ என்று பொருள்படும் பழங்குடிச் சொல்லை ஊருக்கு வைத்ததாகச் சொல்வார்கள்.

கேள்வி: ஊர் உருவாவதற்கு முன் அங்கே யாருமே இல்லையா?

இருந்தார்கள். இந்தப் பகுதியில் நயோபிரரா ஆற்றை ஒட்டிய நிலம் போன்கா பழங்குடியினருடையது. 1877இல் அமெரிக்க அரசு படைவீரர்களைக் காவலுக்கு அனுப்பி, அவர்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கால்நடையாக வெளியேற்றியது. வழியிலும் போன இடத்திலும் பலர் மாண்டார்கள். மொனோவை காலியான கதையைச் சொல்லும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பகுதி காலியானது அதுதான் முதல் முறை.

கேள்வி: பிறகு வந்தவர்கள் ஏன் போய்விட்டார்கள்? கொள்ளைநோயா, வெள்ளமா?

இரண்டும் இல்லை. 1902இல் ரயில் வந்தது, ஊர் பிறந்தது. 1930களில் 150 பேர் வரை இருந்தார்கள். அதன்பின் டிராக்டர் வந்தது. பத்துப் பேர் பார்த்த வேலையை ஒருவர் பார்க்க முடிந்தது. சிறு பண்ணைகளைப் பெரிய பண்ணைகள் வாங்கிக்கொண்டன. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள். 1960களின் இறுதியையொட்டி மளிகைக் கடைகளும் தபால் நிலையமும் மூடப்பட்டன. 1974இல் பள்ளியும் போனது. பள்ளி போன ஊரில் இளம் குடும்பம் எப்படித் தங்கும்? 1980இல் 18 பேர், 1990இல் 6 பேர், 2000இல் கணவனும் மனைவியுமாக இருவர். 2004இல் கணவர் இறந்தார்.

கேள்வி: 2020 கணக்கெடுப்பில் இரண்டு பேர் என்று இருக்கிறதே. யாராவது குடிவந்தார்களா?

இல்லை. ஒருவர் மட்டும் வாழும் ஊரில் வயது, இனம் என்று எந்தப் புள்ளிவிவரத்தை வெளியிட்டாலும் அது அந்த ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கணக்கெடுப்பில் தனிமனிதர் சொன்ன தகவலைக் காக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே 2020இல் சிற்றூர்களின் எண்களைத் தெரிந்தே சற்றுக் கூட்டியும் குறைத்தும் வெளியிட்டார்கள். மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையில் மட்டும் கைவைக்கவில்லை. மொனோவைக்குக் கிடைத்த இரண்டாவது ஆள் அந்தக் கணக்கில் பிறந்தவர். நோக்கம் நல்லதுதான், ஆனால் சிற்றூர்களின் எண்களை வைத்து ஆராய்ச்சி செய்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ஒருவர் இருந்தால் அது ஊராட்சியா?

நெப்ராஸ்காவில் முறைப்படி பதிவான ஊர், ஆள் குறைந்துவிட்டது என்பதற்காகத் தானாகக் கலைந்துவிடாது. ஆனால் வேலைகளை யாராவது செய்தாக வேண்டும். அந்த மூதாட்டியே மேயராகவும் எழுத்தராகவும் பொருளாளராகவும் இருந்தார். ஊரில் அவர் நடத்திய மதுக்கடைக்கான உரிமத் தாளில் விண்ணப்பித்தவரும் அவர், கையெழுத்திட்டு அனுமதித்தவரும் அவர். நான்கு தெருவிளக்குகளுக்காகத் தனக்குத் தானே வரி விதித்துக் கட்டினார். மாநில நிதியைப் பெற ஆண்டுதோறும் சாலைத் திட்டமும் எழுதி அனுப்பினார். இதை விந்தைச் செய்தியாக மட்டும் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தத் தாள்கள் நின்றால் வரைபடத்தில் அந்த ஊர் வெறும் வயல்.

கேள்வி: போனால் பார்க்க என்ன இருக்கிறது?

நெடுஞ்சாலை 12 ஊர் வழியாகவே போகிறது. இடிந்து சாய்ந்த மரவீடுகள், பழைய தேவாலயம், அந்த மதுக்கடை. நான் முதலில் பார்க்கச் சொல்வது நூலகத்தை. கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள் ஏறக்குறைய 5,000. ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் இறந்தபின் மனைவி ஒரு சிறு கொட்டகையில் அவற்றை அடுக்கி, கணவரின் பெயரையே வைத்துத் திறந்தார்.