கண்காட்சியும் கண்டெடுத்த இடமும்

அன்புள்ள சார்,

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் பைபிள் மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அங்கே இயேசு காலத்து நாசரேத் ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். கல் வீடுகள், யூதர்கள் கூடி வழிபடும் ஜெபஆலயம், ஒலிவ மரம், அந்தக் காலத்து உடையில் நின்று பேசும் ஆட்கள். அம்மா ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். இத்தனை வருடம் வாசித்த வேதத்துக்குள் கால் வைத்து நடந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கும் நிறைவாகத்தான் இருந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் மட்டும் "இதுல எதுப்பா நிஜம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், அதே மியூசியத்தில் இருந்த சவக்கடல் சுருள் துண்டுகள் (சவக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூத எழுத்துச் சுருள்களின் துண்டுகள் என்று காட்டியவை) போலி என்று செய்தி கிடைத்தது. இப்படி ஒளி, ஒலி, திரை, அலங்காரம் எல்லாம் வைத்து ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் 'இம்மெர்சிவ்' கண்காட்சிகளை எப்படி எடுத்துக்கொள்வது? பழைய பாணியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவதுதான் நேர்மையா? அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு விஷயத்தை முதலில் கவனியுங்கள். அந்த மியூசியத்தில் மோசம் போனது நாசரேத் ஊரில் நடக்கவில்லை. மங்கிய வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மரியாதையாக வைத்திருந்த துண்டுகளில்தான் நடந்தது. நாசரேத் வீடுகளைப் பார்த்து இவை 2,000 வருடத்துக் கல் என்று யாரும் நம்பப்போவதில்லை. புதிதாகக் கட்டியது என்று பார்த்ததும் தெரிகிறது. கண்ணாடிப் பெட்டியோ 'இது அசல்' என்று வாயைத் திறக்காமலே சொல்லிவிடுகிறது. ஆகவே அலங்காரம் பொய், பெட்டி மெய் என்று பிரித்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, ஆளைச் சூழ்ந்துகொள்ளும் கண்காட்சி நம் காலத்துக் கண்டுபிடிப்பும் இல்லை. பைபிளோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று லண்டனில் இருக்கிறது, வயது சுமார் 2,700. பிரிட்டிஷ் மியூசியத்தில் 10பி என்று எண் போட்ட அறை. அசீரியாவின் சனகெரிப் ராஜா, இன்றைய ஈராக்கில் இருக்கும் தன் தலைநகர் நினிவேயில் கட்டிய அரண்மனையின் ஓர் அறைச் சுவர்களை 1840களின் இறுதியில் லேயார்ட் என்ற ஆங்கிலேயர் தோண்டி எடுத்தார். அந்தக் கற்பலகைகளை அங்கே வரிசை மாறாமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

அறை ஒன்றும் பிரம்மாண்டமானது இல்லை. நீளம் 12 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 5 மீட்டர் இருக்கும். சுவர் முழுக்க ஒரே சம்பவம்தான்: கி.மு. 701இல், எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா ராஜ்யத்தின் லாகீஸ் பட்டணம் சனகெரிப்பிடம் விழுந்தது. அரண்மனையில் அந்த அறைக்குப் போகும் வாசல்களில் மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் நின்றன, உள்ளே போகப் போக ஒன்றைவிட ஒன்று சிறியதாக. கண் தானாக உள்ளே போய்விடும். உள்ளே வந்தவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் போர்.

கவண் வீசுகிறவர்கள், வில்லாளிகள், கல்லைக் கொட்டிப் போட்ட சரிவு மேட்டில் ஏறி வரும் மதில் இடிக்கும் பொறிகள். மதில் மேலிருந்து யூதாவின் ஆட்கள் தீப்பந்தங்களை எறிகிறார்கள். பொறிக்குள் இருக்கும் ஒரு சிப்பாய், அது பற்றிக்கொள்ளாமல் இருக்க நீளக் காம்புள்ள அகப்பையால் முன்பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். இதை நேரில் பார்க்காத ஒருவருக்கு வரையத் தோன்றுமா என்று அந்த அகப்பையின் முன் நின்று நான் யோசித்ததுண்டு. பக்கத்திலேயே பட்டணத்து வாசலிலிருந்து ஜனங்கள் மூட்டையோடு வெளியேறுகிறார்கள். மாட்டு வண்டியில், மூட்டைகளுக்கு மேல், பெண்களும் குழந்தைகளும். மூன்று பேரைக் கழுவில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பேரைத் தரையில் இழுத்துக் கட்டித் தோலை உரிக்கிறார்கள். இத்தனைக்கும் பின்னால் திராட்சைக் கொடியும் அத்தி மரமும் செதுக்கியிருக்கிறது. கடைசியில் உயரமான சிம்மாசனத்தில் சனகெரிப், முன்னால் மண்டியிட்ட மனிதர்கள். அவன் முகத்தை மட்டும் பிற்பாடு யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கி.மு. 612இல் நினிவே விழுந்தபோது நடந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

பார்க்கிறவரைப் பயமுறுத்தக் கட்டிய அறை இது. வென்றவன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறான். அப்படியானால் இதை எதை வைத்து நம்புவது? லாகீஸை வைத்துத்தான். அந்த இடத்தை 1930களில் ஸ்டார்க்கி, 1973 முதல் இருபது வருடங்களுக்கு உசிஷ்கின் என்ற தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். மேட்டின் தென்மேற்கு மூலையில் அந்தச் சரிவு அப்படியே இருந்தது. நூற்றுக்கணக்கான அம்பு முனைகள், உருண்டையாகச் செதுக்கிய கவண் கற்கள், எரிந்து போன ஒரு மண்ணடுக்கு. சரிவுக்கு நேராக உட்பக்கம் இன்னொரு மேடும் கிடைத்தது. மதில் இடிந்தாலும் தாக்குப்பிடிக்க ஊர்க்காரர்கள் போட்டது. அதைச் சனகெரிப்பின் சிற்பிகள் காட்டவில்லை.

இப்போது உங்கள் அம்மாவின் வேதத்துக்கு வருவோம். 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் யூதாவின் எசேக்கியா ராஜா, லாகீசில் இருக்கும் அசீரிய ராஜாவுக்கு ஆள் அனுப்பிப் பணிந்து போகிறார். 300 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி, 30 தாலந்து பொன் தண்டமாக விதிக்கப்படுகிறது. சனகெரிப் தன் வெற்றிகளை எழுதி வைத்த ஆறு முகக் களிமண் பட்டகமும் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது. அதில் பொன் கணக்கு அதே 30 தாலந்து, வெள்ளி மட்டும் 800. யூதாவின் 46 அரண்காப்புள்ள பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. வேதமும் அது பிடிபடவில்லை என்றுதான் சொல்கிறது, காரணம் வேறாக. லாகீஸ் எப்படி விழுந்தது என்று வேதம் விவரிப்பதில்லை. அதைச் சொல்வது கல்லும் மண்ணும்தான். அரசனின் சுவர், யூதாவின் எழுத்து, தோண்டிய மண் என மூன்றும் தனித்தனியாகப் பேசி, சில இடத்தில் ஒத்துப்போய், சில இடத்தில் முரண்பட்டு நிற்கின்றன. பைபிள் தொல்லியலில் என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

நாசரேத் கதை வேறு மாதிரி. 2009இல் அங்கே, மங்கள வார்த்தை பேராலயத்துக்குப் பக்கத்தில், இஸ்ரேல் தொல்லியல் துறை முதல் நூற்றாண்டு வீடு ஒன்றைத் தோண்டியது. இரண்டு அறை, ஒரு முற்றம், மழைநீர் பிடிக்கும் தொட்டி. கூடவே சுண்ணாம்புக் கல்லில் குடைந்த பாத்திரங்களின் துண்டுகள். மண் பாத்திரம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டில்லை. அதனால் அந்தக் காலத்து யூத வீடுகளில் கல் பாத்திரம் புழங்கியது. 2017இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் ரெய்னா என்ற ஊரில் அப்படிப் பாத்திரம் குடைந்த பட்டறையே கிடைத்தது, குடைந்தெடுத்த உட்பகுதிக் கற்களோடு. இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கலியாணத்தில் வருகிற ஆறு கற்சாடிகளை உங்கள் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தத் துண்டுகளைக் காட்டினால் போதும்.

ஜெபஆலயமோ, நாசரேத்தில் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று இதுவரை அகழ்ந்து கிடைக்கவில்லை. லூக்கா 4ஆம் அதிகாரம் இருந்ததாகச் சொல்கிறது. கலிலேயாவில் மற்ற இடங்களில், உதாரணமாக 2009இல் மகதலாவில், அக்காலத்து ஜெபஆலயம் கிடைத்திருக்கிறது. அப்படிக் கிடைத்தவற்றைப் பார்த்துக் கட்டலாம், தப்பில்லை. ஆனால் மகதலாவைப் பார்த்துக் கட்டியது என்றால், அதை அங்கேயே பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் மகன் கேட்டது இதைத்தான். தோண்டி எடுத்தது, வேறிடத்தில் கிடைத்ததை வைத்து ஊகித்தது, எழுத்தில் மட்டும் இருப்பது, இந்த மூன்றுக்கும் ஒரே கல், ஒரே சாயம் பூசிவிட்டால் எட்டாம் வகுப்புப் பையன் என்ன, யாருமே பிரித்துப் பார்க்க முடியாது. இந்த வகைக் கண்காட்சிகளில் எனக்கு இருக்கும் பெரிய குறை இது.

சரி, போலிச் சுருள்கள். மியூசியம் 2017 நவம்பரில் திறந்தது. 2018இல் 5 துண்டுகளை எடுத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில், தங்களிடம் இருந்த 16 துண்டுகளும் நவீனப் போலிகள் என்ற ஆய்வறிக்கையை அவர்களே வெளியிட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். தோல் பழையதுதான், ஆனால் பெரும்பாலும் பழங்காலத்துச் செருப்போ காலணியோ போன்ற பொருளின் தடித்த தோல். அசல் சுருள்களில் பெரும்பாலானவை மெல்லிய தோலில் எழுதியவை. மேலே விலங்குப் பசை பூசிப் பளபளப்பு வரவைத்திருக்கிறார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் மை, தோலின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது, கிழிந்த ஓரத்தில் வழிந்திருக்கிறது. புதுத் தோலில் எழுதி, பிறகு தோல் வெடித்திருந்தால் மை வெடிப்புக்குள் போயிருக்காது. தோல் வெடித்துக் கிழிந்த பிறகு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இதில் ஒன்றுக்குக்கூட எந்தக் குகையில், யார், எப்போது எடுத்தார்கள் என்ற விவரம் கிடையாது. 2009க்கும் 2014க்கும் இடையில் விற்பனையாளர்களிடம் வாங்கியவை. 1947இல் வந்த முதல் சுருள்களும் சந்தை வழியாகத்தானே வந்தன என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. அவற்றில் நான்கை 1954இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வரி விளம்பரம் கொடுத்து விற்றார்கள். ஆனால் 1949இலேயே சவக்கடல் ஓரத்துக் கும்ரானில் அந்தக் குகை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, ஹார்டிங், தெவோ என்ற தொல்லியலாளர்கள் அதைத் தோண்டிவிட்டார்கள். ஏற்கெனவே கைமாறிய சுருள்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் குகை மண்ணில் கிடைத்தன. சந்தையில் வந்த பொருளுக்கு மண் சாட்சி சொன்னது. அந்த 16 துண்டுகளுக்குச் சாட்சி சொல்ல ஒரு குகையும் இல்லை.

இடம் தெரியாத பொருளால் ஏமாறுவது வாங்கியவர் மட்டும் இல்லை. அந்த மியூசியத்தை நிறுவிய கிரீன் குடும்பத்தின் ஹாபி லாபி நிறுவனம், ஈராக்கிலிருந்து போன ஆயிரக்கணக்கான பொருள்களை ஒப்படைத்து 30 லட்சம் டாலர் கட்ட 2017இல் ஒப்புக்கொண்டது. களிமண் ஏடுகள், 'ஓடு மாதிரிகள்' என்று சீட்டு ஒட்டிய பெட்டிகளில் வந்திருந்தன. மெசபொத்தாமியாவின் பழைய கில்காமேஷ் காவியத்தின் பகுதி எழுதிய ஏடு ஒன்றும் மியூசியத்தில் காட்சியில் இருந்தது. 2019இல் கைப்பற்றப்பட்டு 2021இல் ஈராக்குக்குத் திரும்பியது. ஏடு திரும்பலாம், அது எந்த ஊரில், எந்த வீட்டில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது இனி யாருக்கும் கிடைக்காது. திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவன் அந்த ஊரையே அழித்துவிட்டுத்தான் ஏட்டை எடுக்கிறான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நேர்மையாகச் செய்தால் நகலும் பெரிய அனுபவம்தான். எருசலேமில் சவக்கடல் சுருள்களுக்காகவே 1965இல் திறந்த சுருள் மாளிகையின் வெள்ளைக் கூரையைச் சுருள்கள் இருந்த சாடியின் மூடி வடிவில் கட்டியிருக்கிறார்கள். அதன் நட்ட நடுவில் 7 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஏசாயா சுருள் வட்டமாகச் சுற்றி நிற்கிறது. அது நகல். அசல் வெளிச்சம் படாமல் பத்திரமாக இருக்கிறது, இதை அவர்கள் மறைப்பதில்லை. தெரிந்துகொண்டு நின்றாலும் மனம் நிறைகிறது.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் அழுதது தாங்கள் வாசித்த வேதத்தை நினைத்து, மியூசியத்தின் கல்லைப் பார்த்து இல்லை. போலித் துண்டுகளால் அதில் எதுவும் குறைந்துவிடாது. லாகீஸ் சிற்பங்களின் படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. 2 இராஜாக்கள் 18ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவையும் பேரனையும் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த முறை எந்த மியூசியம் போனாலும், பொருளைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் அட்டையைப் பையனைப் படிக்கச் சொல்லுங்கள்: எங்கே கிடைத்தது, எந்த வருடம், யார் தோண்டியது. மூன்றும் இல்லாத அட்டை இருந்தால் அங்கே நிற்கும் ஊழியரிடம் அவனே போய்க் கேட்கட்டும். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்