அப்பாயி காலத்துத் துணிக்குத் திரும்பலாமா?

கேள்வி: மகளுக்கு 12 வயது. இந்த வருஷம் பெரியபிள்ளையானாள். மாதாமாதம் பேட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. "நாங்களெல்லாம் பழைய சேலைத் துணிதான் கட்டினோம், எங்களுக்கு என்ன வந்தது?" என்கிறார் மாமியார். அந்த நாட்களில் தலை முழுகவும் விடமாட்டேன் என்கிறார். துணி பாவிக்கலாமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: பாவிக்கலாம். தலையும் முழுகலாம். மாமியார் சொல்வதில் பாதி சரி. அந்தக் காலத்தில் கெடுதல் செய்தது துணி இல்லை, அதை ஒளித்து ஒளித்துக் காயப்போட்டதுதான்.

துணி ஏழைகளின் வழி என்று நினைக்கவும் வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பங்களாத் துரைசானிக்கும் மடித்த துணிதான். வீசியெறியும் பேட் இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்ததே 1880களில். முதலாம் உலகப் போரில் காயங்களுக்குக் கட்ட மரக்கூழிலிருந்து ஒரு பஞ்சு செய்தார்கள். போர் முடிந்ததும் அதை வைத்து 1920 வாக்கில் அமெரிக்காவில் கோட்டெக்ஸ் என்ற பேட் வந்தது. அடியில் பசை வைத்த பேட் 1970 வாக்கில்தான் பரவியது. அதுவரை இடுப்பில் பெல்ட் கட்டி அதில் கொளுவினார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த பெண்களின் பாடு வேறு. 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தேயிலை பரவப் பரவக் கொழுந்தெடுப்பு அவர்கள் கைக்கு வந்தது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) போனால், மலையில் ஒதுங்கக் கழிவறை கிடையாது, துணி மாற்ற மறைவும் கிடையாது. இடுப்பில் கட்டிய படங்கு என்ற தடித்த துணி மழையையும் தேயிலை வாதுகளின் கீறலையும் தடுத்தது, கறையையும் மறைத்திருக்கும். வேலை விட்டு வந்தால் லயத்துக்கே பொதுவான பீலி, அதாவது தண்ணீர்க் குழாய். அத்தனை பேருக்கு முன்னால் எப்படி அலசுவது? இருட்டில் அலசி, காம்பிரா என்ற லயத்து அறைக்குள் வேறு உடுப்புக்கு அடியில் போட்டார்கள். தென்மேல் பருவமழையில் வட்டவளைப் பக்கம் வெளியே போட்டதே காயாது, உள்ளே போட்டது எங்கே காயும்? ஈரத் துணியை மறுபடி கட்டினால் அரிப்பு, புண், பூஞ்சணத் தொற்று. வந்தாலும் யாரிடம் சொல்வது?

"என்ன வந்தது" என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு. முன்பு பெண்கள் பிந்தி வயதுக்கு வந்தார்கள். அப்புறம் அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறு, நீண்ட தாய்ப்பால். ஆக, வாழ்நாளில் வந்த மாதவிடாயே இன்றையதைவிடக் குறைவு. ஆனாலும் ரத்தசோகை ஆட்டிப் படைத்தது. வெறுங்காலில் நடந்தவர்களின் பாதம் வழியே கொக்கிப்புழு ஏறிக் குடலில் ரத்தம் குடித்தது. ராக்பெல்லர் அறநிலையம் 1916இல் மாத்தளையில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களை நோக்கியதுதான். மருந்தோடு கழிவறையும் கட்டச் சொன்னார்கள். களைப்பும் தலைசுற்றலும் "பொம்பளைக்கு வர்றதுதான்" என்று விடப்பட்டதில் பாதி இந்தப் புழுவின் வேலை என்பேன்.

சரி, துணிக்கு வருவோம். மெல்லிய பருத்தி வேண்டும், நைலெக்ஸ் மாதிரிச் செயற்கைத் துணி கூடாது. நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து, வெயிலில் எல்லார் கண்ணிலும் படும்படியே கொடியில் போடுங்கள். இதில் மட்டும் மாமியாருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். மழை நாளில் அடுப்படிச் சூட்டில் காயவைத்து, இரண்டு பக்கமும் அயர்ன் பண்ணி, ஈரம் துளியும் இல்லாமல் எடுத்து வையுங்கள். ஒருவர் துணியை இன்னொருவர் பாவிக்கக் கூடாது. பாடசாலைக்குப் பேட், வீட்டில் துணி என்று வைத்துக்கொண்டால் செலவு பெருமளவு குறையும். பாடசாலைக் கழிவறையில் துணி மாற்றுவது பிள்ளைக்குச் சங்கடம்.

தலை முழுகும் தடையில் ஒரு நியாயம் இருந்தது: குளிர்காலத்தில் பீலித் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. அந்த நாட்களில் பெண் தொட்டால் கெட்டுப்போகும் என்ற பயம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. முதலாம் நூற்றாண்டு ரோமில் பிளினி என்ற எழுத்தாளர், மாதவிடாய்ப் பெண் நெருங்கினால் புது வைன் புளிக்கும் என்று எழுதினார். 1920இல் பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவரே, அவள் கை பட்டால் பூ வாடும், உடம்பில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றார். அப்படி ஒரு நஞ்சு இருப்பதாக இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

சடங்கு வீட்டு உளுந்தங்களியையும் முட்டையையும் விடாதீர்கள், நல்ல சாப்பாடு. முட்டையைப் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி வேண்டாம். தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். ஏழு நாளைத் தாண்டிப் போனாலோ, மணிக்கொரு தடவை துணி நனைந்தாலோ, வாடையும் அரிப்பும் இருந்தாலோ குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லி, ஆஸ்பத்திரியில் காட்டி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துவிடுங்கள்.