சம்மர் டயர் என்றால் என்ன? திருகோணமலை வெயிலுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

சூட்டில் அதிகம் இளகிப்போகாத ரப்பர் கலவையில் செய்த டயர்தான் சம்மர் டயர். தேங்காயெண்ணெய் நுவரெலியாவில் உறைந்து திருகோணமலையில் உருகி ஓடுகிறதே, ரப்பரும் அப்படித்தான்: 7 பாகைக்குக் கீழே போனால் இந்தக் கலவை இறுகிப் பிடிப்பை இழக்கும், அதனால்தான் ஐரோப்பாவில் குளிர்காலத்துக்கு வேறு டயர் மாட்டுகிறார்கள். நமக்கு அந்தக் குளிர் வராது, வருடம் முழுக்க இதுவே சரி.

ஒப்பிடும்போது விலைக்கு முன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். பல டயர்களில் வெப்பத் தரம் ஏ, பி, சி என்று இருக்கும். கந்தளாய், ஹபரணை என்று உச்சி வெயிலில் நெடுந்தூரம் ஓடுபவர் ஏ எடுப்பது நல்லது. வெயிலை மட்டும் நினைத்து வாங்கவும் கூடாது, ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கே கொட்டும் மழைக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் ஆழமான பள்ளங்கள் கட்டாயம் வேண்டும். தயாரித்த திகதி நாலு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம். வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த டயரை மலிவென்று தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம், வெயிலுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று பலர் சொல்வது தவறு. காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்கி இன்னும் சூடேறும், காலையில் ஓடுவதற்கு முன் கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட காற்றழுத்த அளவுக்கே காற்றடியுங்கள்.